மாமன் பேச்சுக்குப் பாதி கழிவு

டிசம்பர் 2, திங்கள்

டெல்லிக்கு வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. பெரிய மனிதர்கள் எல்லோரும் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார்கள் என்று கேள்வி. அதனால் நானும் தொடங்குகிறேன். இது போன வருடத்து டைரி. கிழமை ஒத்துவரவில்லை, அடித்துத் திருத்திக்கொண்டேன்.

என் பெயர் சென்னியப்பன். ஈரோட்டுக்கு மேற்கே புலியூத்துமலை அடிவாரத்தில் கேபிள் டிவி நடத்தியவன். எட்டாம் வகுப்பு முழுதாகவும் ஒன்பதாம் வகுப்பு ஆவணி மாதம் வரைக்கும் படித்திருக்கிறேன். மீதியை உலகம் சொல்லிக்கொடுத்தது. அந்த மலை மேல் முதன்முதலில் டிவியில் படம் தெரியவைத்தவன் நான்தான். கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு பன்னிரண்டு மைல் நடந்தேன். பாதி வழியில் ஒரு யானை நின்றது. "ஒதுங்கு சாமி, கேபிள் வருது" என்றேன். ஒதுங்கிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளக்கூட நேரம் இல்லாமல் உழைத்தேன். போன ஆடியில் தொழிலுக்கு நானாகவே ஓய்வு கொடுத்தேன். கடைசியில் ஏழு வீட்டில்தான் கனெக்‌ஷன் இருந்தது என்பது வேறு விஷயம்.

என் அக்கா மகள் சுலோச்சனா, முதல் தடவை எம்.பி. அவள் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் ஊரில் இருக்கிறார்கள். "மாமா, இந்தக் கூட்டத்தொடர் முடியற வரைக்கும் என்றகூட வந்து இருங்க" என்று கூப்பிட்டாள். அரசியல் ஆலோசகராக வந்திருக்கிறேன். காலையில் காப்பி, மத்தியானம் அரிசியும் பருப்பும் சாதம், ராத்திரி தோசை. இடைப்பட்ட நேரத்தில் ஆலோசனை.

தோசை மாவு புளிக்கவில்லை. இந்தக் குளிருக்கு மாவுக்கும் சுரணை போய்விடுகிறது. கம்பளி போர்த்தி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

புளிக்கவில்லை. உப்புமா.

டிசம்பர் 4, புதன்

பெரிய சேதி. சுலோ அடுத்த வாரம் நாடாளுமன்றத்தில் பேசப்போகிறாள். கன்னிப் பேச்சு.

விஷயம் இதுதான். மின்கம்பம், செல்போன் டவர், ரேடியோ டிவிக்கான கோபுரம் மூன்றையும் எல்லாத் துறையும் பொதுவாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அரசாங்கம் ஒரு மசோதா கொண்டுவருகிறது. கரண்டு, போன், ஒளிபரப்பு மூன்றும் ஒரே வண்டியில் ஏறிக்கொள்கின்றன. மூன்றிலும் எனக்கு ஆழ்ந்த அனுபவம் உண்டு. கரண்டுக் கம்பத்தில் ஏறித்தான் கேபிள் கட்டினேன். மின்வாரியத்துக்காரர் பார்க்காத நேரமாகப் பார்த்து.

சுலோவின் உதவியாளர் ஆராவமுதன் வந்திருந்தார். டெல்லியிலேயே முடி நரைத்த தமிழர். செயலகத்தில் இருந்து ஓய்வு பெற்றபிறகு எம்.பி.க்களுக்கு வேலை செய்கிறார். எதையும் பென்சிலால்தான் எழுதுவார், அழிக்க வசதியாம்.

"மேடத்துக்கு நாலு நிமிஷம் கிடைச்சிருக்கு" என்றார்.

"நாலு நிமிஷமா? டீக்கடையில நான் வணக்கம் சொல்லி முடிக்கவே அவ்வளவு நேரம் ஆகுமே!"

"அதனாலதான் சார் உங்களை யாரும் நிக்க வைக்கலை. அஞ்சாவது நிமிஷம் மணி அடிப்பா. அதுக்கு மேல பேசினா மைக் போயிடும்."

சுலோ சிரித்துவிட்டாள். அப்புறம் அவர் ஒரு சங்கதி சொன்னார். அது எனக்குப் பிடித்துப்போயிற்று. சபையில் மந்திரி எழுந்து "செய்கிறோம்" என்று சொல்லிவிட்டால் அது காற்றோடு போகாதாம். மந்திரிமார் கொடுத்த வாக்கையெல்லாம் குறித்துவைத்துக்கொண்டு, செய்து முடிக்கிற வரைக்கும் துரத்திக்கொண்டே இருப்பதற்கென்று ஒரு குழு இருக்கிறதாம்.

"அப்ப நமக்கு அந்த ஒரு வார்த்தைதான் வேணும்" என்றாள் சுலோ. "மலைக்காரங்களுக்கு டவர் நிக்காம ஓடணும். அதை மந்திரி வாயால சொல்ல வைக்கணும்."

சொல்ல வைத்துவிடலாம் கண்ணு, மாமன் இருக்கிறேன் என்றேன்.

டிசம்பர் 5, வியாழன்

இன்று சாப்பாட்டு மேசையில் நடந்ததை எழுதிவைக்கவேண்டும்.

மலையில் டவர் இல்லாமல் இல்லை, இருக்கிறது. கரண்டு இருக்கிற வரைக்கும் வேலை செய்யும். காற்றடித்து ஒரு மரம் சாய்ந்தால் கரண்டு போகும், கூடவே டவரும் படுத்துவிடும். அதற்கென்று கம்பெனிக்காரர் வைத்த பாட்டரி எல்லாம் செத்துவிட்டது. ஜெனரேட்டர் இருக்கிறது, டீசல் ஊற்ற ஆளில்லை. கரண்டு வர நாலு நாளும் ஆகும், எட்டு நாளும் ஆகும். அதுவரைக்கும் மலை முழுவதும் ஊமை.

மேலே மாதம்மா என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள். மலையிலேயே பிறந்து, கீழே படித்துவிட்டு, மறுபடியும் மலைக்கே போன பெண். ஆம்புலன்ஸைக் கூப்பிடவேண்டும் என்றால் வழுக்குப்பாறை மேல் ஏறி நின்று கீழ்நாட்டு டவரிலிருந்து சிக்னல் பிடிக்கவேண்டும். போன ஐப்பசி மழையில் பாறையில் ஏற முடியவில்லை. தலைச்சன் பிரசவக்காரி ஒருத்திக்கு வலி எடுத்துவிட்டது. பலாப்பழம் ஏற்ற வந்த ஜீப்பில் படுக்கவைத்து இறக்கினாள். ஆறாவது கொண்டை ஊசி வளைவில் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சௌக்கியம். "ஒவ்வொரு தடவையும் ஜீப்பு வராதுங்ணா" என்று மாதம்மா என்னிடம் சொன்னாள். ஐப்பசியில் பலாப்பழம் ஏது என்று ஆராவமுதன் கேட்டார். பலாப்பழமோ சோளமோ, ஜீப் வந்தது நிஜம்.

சுலோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"இப்படிக் கரண்டு போனா போனும் போற ஊர் எத்தனைங் மாமா?"

"பத்தொம்பது."

சுலோ ஆராவமுதனைப் பார்த்தாள். அவள் உதட்டோரத்தில் சிரிப்பு.

"கழிவு போகங்களா, கழிவோடங்களா?"

இது எங்கள் வீட்டுப் பேச்சு. அவள் அப்பா, என் அத்தான், மஞ்சள் வியாபாரி. மண்டியில் மஞ்சள் மூட்டையை எடை போட்டால் ஈரத்துக்கும் மண்ணுக்கும் இத்தனை என்று கழித்துவிட்டுத்தான் கணக்கு எழுதுவார்கள். அதற்குக் கழிவு என்று பேர். ஒரு தீபாவளிக்கு நான் பிடித்த மீனின் எடையைச் சொன்னபோது அத்தான், "மச்சான் பேச்சுக்குப் பாதி கழிவு" என்றார். அன்று முதல் குடும்பமே கழித்துக்கொண்டிருக்கிறது. குழந்தைகள்கூட. நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன். எனக்கென்ன, பாதி போனாலும் மீதி பெரிதாகத்தான் இருக்கும்.

ஆனால் இன்றைக்கு, "கழிவெல்லாம் இல்ல கண்ணு, பத்தொம்பதுதான்" என்றேன்.

ஆராவமுதன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார். "மேடம், கூடச் சொன்னா மந்திரி எழுந்து ஆதாரம் எங்கேம்பார். இல்லேன்னா சபையைத் தவறா வழிநடத்தினதா ஆயிடும். முதல் பேச்சிலேயே பேர் கெட்டுப்போகும். குறைச்சுச் சொன்னா யாரும் கேக்கமாட்டா."

"ஒம்பதுன்னு போட்டுக்கலாங் சார்" என்றாள் சுலோ.

ஒன்பது என்று எழுதிவிட்டாள். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன் போல. டெல்லி உப்புக்குக் கரிப்பு அதிகம். சுலோ தயிர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

நல்ல வெயில். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனேன். பச்சைப் பட்டாணி மலை மாதிரி குவித்திருக்கிறான். கேரட் இங்கே சிவப்பாக இருக்கிறது, வெட்கப்பட்ட மாதிரி. கறிவேப்பிலை விற்கிற சேலத்துக்காரரிடம் மசோதாவைப் பற்றி விளக்கினேன். கேபிள் சுருளோடு பதினெட்டு மைல் நடந்ததையும் வழியில் இரண்டு யானை நின்றதையும் சொன்னேன். அவர் அசந்துபோய்க் கொத்துமல்லி சும்மாவே கொடுத்தார்.

சாயங்காலம் சுலோ பேச்சைக் கண்ணாடி முன் நின்று படித்துக்கொண்டிருந்தாள். நல்ல தமிழ். தமிழில் பேசப்போகிறேன் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்திருக்கிறாள். மொழிபெயர்க்கிறவர்கள் தயாராக இருப்பார்களாம். 'ஒன்பது கிராமங்கள்' என்கிற இடம் வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"கண்ணு, ஒரு நிமிஷம். நான் ஊர் பேரெல்லாம் சொல்றேன், நீயே எண்ணிக்கோ. மேக்குட்டை, கீக்குட்டை, தட்டக்கல்…"

"தட்டக்கல்லுல யானை பூந்து சனமெல்லாம் ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிருச்சுன்னு சொன்னீங்க."

"அது போன பொங்கலுக்குச் சொன்னது. அன்னைக்குப் பேச்சு வாக்குல…"

"மேக்குட்டையில உங்க சொந்தச் செலவுல டவர் நட்டுக் குடுத்தேன்னீங்க. இன்னைக்கும் நிக்காம ஓடுதுன்னு எங்க அம்மாகிட்டச் சொன்னீங்களே, மறந்துட்டீங்களா?"

"நட்டேன்னுதான் சொன்னேன், ஓடுதுன்னு…"

"ஓடுதுன்னுந்தான் சொன்னீங்க மாமா." கோபமாகச் சொல்லவில்லை. தோளைத் தொட்டுத்தான் சொன்னாள். "கலெக்டர் ஆபீசுக்கும் எழுதிக் கேட்டுட்டேன். பதினஞ்சு நாள்ல பதில் தர்றேங்கறாங்க. பேச்சு நாளன்னைக்கு. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

இத்தனை வருடத்தில் நான் அந்த மலையில் நட்ட டவரும் விரட்டின யானையும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு வந்து, கதவுக்குக் குறுக்கே நின்றன. பட்டாணி உரித்தேன். நன்றாக இனித்தது.

டிசம்பர் 9, திங்கள்

மாதம்மாவுக்கு மூன்று தடவை போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறாளாம். மத்தியானம் அவளே கூப்பிட்டாள். வழுக்குப்பாறை மேலிருந்துதான். காற்று ஓ என்று கத்தியது.

"ஏனுங்ணா கூப்பிட்டீங்க? கரண்டு போய் ரெண்டு நாளாச்சு. தடுப்பூசியெல்லாம் ஐஸ் பொட்டியில வெச்சிருக்கேன்."

"மாதம்மா, கரண்டு போனா எத்தனை ஊருக்குப் போனும் போயிருது, சொல்லு."

"பத்தொம்பதுங்ணா. நான் நடக்கிற ஊரு எனக்குத் தெரியாதுங்களா?"

"அதைத்தான் நானும் சொன்னேன். இங்க ஒம்பதுன்னு எழுதிப்போட்டாங்க."

"அப்ப மிச்சம் பத்து ஊர்க்காரங்க என்னங்ணா பண்ணுவாங்க? ஒம்பதுக்குத்தான் பாட்டரி போடுவாங்க, அவ்வளவுதான? நான் சொன்னேன்னு சொல்லுங்க. நம்புவாங்க."

"நீ சொன்னா நம்புவாங்க மாதம்மா. ஆனா நீ சொன்னேன்னு நான்தான போய்ச் சொல்லோணும்."

அவள் என்னவோ சொன்னாள். காற்றோடு போய்விட்டது. அப்புறம் தொடர்பே கிடைக்கவில்லை. சுலோ கட்சிக் கூட்டம் முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். "சரிங் மாமா" என்றாள். அந்தச் 'சரிங் மாமா' எனக்கு நன்றாகத் தெரியும். நான் மீனைப் பற்றிச் சொல்லும்போதும் அதைத்தான் சொல்வாள்.

மாவு இன்றைக்குப் புளித்துவிட்டது. வெந்நீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். என் சொந்தக் கண்டுபிடிப்பு.

டிசம்பர் 10, செவ்வாய்

சுலோ பேசினாள்!

எனக்குப் பார்வையாளர் மாடத்துக்குச் சீட்டு வாங்கியிருந்தாள். சீட்டு சும்மா கிடைக்காது. இந்த ஆளை எனக்கு நேரில் நன்றாகத் தெரியும், இவருக்கு நான் பொறுப்பு என்று எம்.பி. கையெழுத்துப் போடவேண்டும். வாசலில் போன், பேனா, சீப்பு, வெற்றிலைப் பொட்டலம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மேலே போனால் பேசக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது, கை தட்டக்கூடாது, கால் மேல் கால் போடக்கூடாது. மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில்கூட நான் இவ்வளவு அடக்கமாக உட்கார்ந்ததில்லை. காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள். இந்தியில் பேசினால் தமிழில் கேட்கிறது. எனக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு, இருந்தாலும் மரியாதைக்காக மாட்டிக்கொண்டேன்.

சுலோவின் முறை வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. சபை நிரம்பி வழிந்தது என்றுதான் ஊரில் சொல்லப்போகிறேன். ஒரு நாற்பது பேர் இருந்தார்கள். மற்றவர்கள் டீக்குப் போய்விட்டார்கள்.

நீலச் சுங்குடிச் சேலையில் எழுந்து நின்றாள். முதல் வரியிலேயே பிடித்துக்கொண்டாள். கம்பத்தை யார் யார் பங்கு போட்டுக்கொள்வது என்று இங்கே எல்லோரும் பேசுகிறார்கள், அந்தக் கம்பம் சாய்ந்தால் யார் நிமிர்த்துவது என்று மசோதாவில் எங்கேயும் இல்லையே என்று கேட்டாள். ஆறாவது கொண்டை ஊசி வளைவில் பிறந்த பெண் குழந்தையைப் பற்றிச் சொன்னாள். பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஒரு வயதான உறுப்பினர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் தொகுதியில் ஒன்பது மலைக்கிராமங்கள் இப்படி இருக்கின்றன" என்றாள்.

நான் மேலே இருந்து வாயை மட்டும் அசைத்தேன். பத்தொன்பது. அவள் மேலே பார்க்கவில்லை.

மணி அடித்தது. மைக் போவதற்குள் கடைசி வரியையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நாலைந்து பேர் மேசையைத் தட்டினார்கள். எனக்கு ஆயிரம் பேர் தட்டினமாதிரி இருந்தது. மந்திரி நாளைக்குப் பதில் சொல்வாராம்.

வீட்டுக்கு வந்ததும் பால் பாயசம் வைத்தேன். ஆராவமுதன் இரண்டு தம்ளர் குடித்தார். "மாமா, எப்படிங்?" என்று கேட்டாள். ராஜாத்தி மாதிரி இருந்தது கண்ணு என்றேன். அதற்கும் அவள் கழிவு போட்டிருப்பாள். அதுவும் முழு எடைதான்.

டிசம்பர் 11, புதன்

இன்று நாடாளுமன்றம் என்னால் நின்றது. கொஞ்ச நேரம். ஒரு அரை நிமிஷம் என்று வைத்துக்கொள்ளலாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மறுபடியும் சீட்டு வாங்கித் தரச்சொல்லி சுலோவை நச்சரித்து மாடத்துக்குப் போய்விட்டேன். மசோதா மந்திரி பதில் சொல்ல எழுந்தார். மிடுக்கான ஆள். ஒவ்வொரு உறுப்பினர் பேச்சுக்கும் ஒரு குத்தல், ஒரு பதில். அவருக்குப் பக்கவாட்டில் அதிகாரிகள் உட்காரும் இடத்திலிருந்து துண்டுச்சீட்டு வந்துகொண்டே இருந்தது. வாங்குவதும் படிப்பதும் அடிப்பதுமாக இருந்தார்.

சுலோ பேர் வந்தது. நான் காதுக் கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஒரு துண்டுச்சீட்டு வந்தது. மந்திரி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். காதுக்குள் தமிழ்க் குரல் சொல்லியது:

"மாண்புமிகு உறுப்பினர் தம் தொகுதியில் ஒன்பது கிராமங்கள் என்றார். அவர் புதியவர். தம் தொகுதியை இன்னும் முழுமையாகச் சுற்றிப்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். என் துறையிடம் உள்ள விவரப்படி ஒன்பது அல்ல. பத்தொன்பது."

அவர் கட்சிக்காரர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். எதிர்ப்பக்கத்தில் நேற்றுக் கொட்டாவி விட்ட அந்தப் பெரியவர் எழுந்து, "பத்தொன்பது என்று தெரிந்துமா சும்மா இருந்தீர்கள்?" என்றார். அவ்வளவுதான், எதிர்ப்பக்கம் முழுவதும் மேசையைத் தட்ட ஆரம்பித்தது. மந்திரியின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

சுலோ எழுந்தாள். "அமைச்சர் சொன்னதே சரி. என் எண் தவறு, வருந்துகிறேன். பத்தொன்பது கிராமங்களுக்கும் எப்போது மாற்று மின்வசதி தருவீர்கள்?"

மந்திரி துண்டுச்சீட்டைப் பார்த்தார். அதில் அதற்குப் பதில் இல்லை போலிருக்கிறது. அதிகாரிகளைப் பார்த்தார். சபை முழுவதும் அவரைப் பார்த்தது. "அடுத்த மழைக்காலத்துக்கு முன்பாக. பத்தொன்பதுக்கும்" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. "பத்தொம்பது! நான் சொன்னேன்ல கண்ணு! பத்தொம்பதுதான்!"

என் குரல் எனக்கே கேட்டது. கீழே எல்லாத் தலையும் மேலே திரும்பியது. சுலோவின் தலையும். அடுத்த நொடி இரண்டு பேர் என் கையைப் பிடித்திருந்தார்கள். மரியாதையாகத்தான் பிடித்தார்கள், ஆனால் பிடி இரும்பு.

கீழே ஒரு அறையில் உட்காரவைத்தார்கள். பாதுகாப்பு அதிகாரி ஒருவர் பேர், ஊர், எதற்காகக் கத்தினாய் என்று கேட்டார். என் இந்தி அவருக்குப் புரியவில்லை. அவர் வேறு மாதிரி இந்தி பேசுகிறவர். நான் கும்பிட்டேன். பத்து விரலையும் காட்டி, அப்புறம் ஒரு விரலை மடக்கி ஒன்பது காட்டினேன். அவர் கவலையோடு இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார்.

அப்போதுதான் பயம் வந்தது. எனக்காக இல்லை. கையெழுத்துப் போட்டவள் அவள்தானே. முதல் பேச்சில் பேர் கெட்டுவிடக்கூடாது என்று அந்தப் பெண் ஒன்பதாகக் குறைத்து எழுதினாள். நான் ஒரே கத்தலில் கெடுத்துவிட்டேனோ என்று இருந்தது.

சுலோ ஆராவமுதனோடு வந்தாள். அதிகாரி சீட்டைக் காட்டிக் கேட்டார். ஆராவமுதன் எனக்காகத் தமிழில் சொன்னார்: "இவரை உங்களுக்கு நேரில் நன்றாகத் தெரியும்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, நிஜமாவே தெரியுமாங்கறார்."

சுலோ என்னைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா பாதிதான் தெரிஞ்சிருக்குன்னு சொல்லுங் சார். இவர் கத்தினது தப்பு. சொன்னது சரி."

ஆராவமுதன் அதிகாரியிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார். "ஆமாம்" என்று மட்டும் மொழிபெயர்த்திருக்கவேண்டும். இனி மாடத்துக்கு வரக்கூடாது என்று எச்சரித்து, எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். சீப்பையும் வெற்றிலையையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

காரில் ஏறினோம். பெரிய வட்டச் சாலை ஒன்றைச் சுற்றி வரும்போது சுலோ சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தாள். "கண்ணுன்னு கூப்பிட்டீங்களே மாமா! பார்லிமெண்டுக்குள்ள!"

டிசம்பர் 12, வியாழன்

பத்திரிகையில் வந்திருக்கிறேன். 'மாடத்திலிருந்து குரல் எழுப்பிய பார்வையாளர் வெளியேற்றப்பட்டார்' என்று ஒரு வரி. பேர் போடவில்லை. கத்தரித்து வைத்துக்கொண்டேன்.

சபைக் குறிப்பில் சுலோவின் பேச்சு அச்சாகி வந்தது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்தலாம், சொன்ன எண்ணை மாற்ற முடியாதாம். அதனால் என்றென்றைக்கும் அவள் பேச்சில் ஒன்பதுதான். இரண்டு பக்கம் தள்ளி மந்திரி பேச்சில் பத்தொன்பது, "அடுத்த மழைக்காலத்துக்கு முன்பாக" என்பதும் கூடவே. அது வாக்கைத் துரத்துகிற அந்தக் குழுவுக்குப் போய்விடும் என்று ஆராவமுதன் அடியில் பென்சிலால் கோடு போட்டார். அப்புறம் பேனாவை எடுத்து அதன் மேலேயே இன்னொரு கோடு போட்டார்.

சாயங்காலம் மாதம்மா கூப்பிட்டாள். கரண்டு வந்துவிட்டதாம், வீட்டிலிருந்தே பேசினாள். இந்தத் தடவை போனைச் சுலோவிடம் கொடுத்தேன். இரண்டு பேரும் வெகு நேரம் பேசினார்கள். ஒவ்வொரு ஊராகப் பேர் சொல்லச்சொல்லி சுலோ எழுதிக்கொண்டாள். தட்டக்கல்லும் அதில் இருந்தது.

போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொன்ன யானை வாரா வாரம் கூடிட்டே போச்சுங் மாமா. மைலும் கூடுச்சு. பத்தொம்பது மட்டும் நகரவே இல்ல. நான் அதைக் கவனிச்சிருக்கோணும்."

"யானையும் நிஜம்தான் கண்ணு" என்றேன்.

"எத்தனை?"

"ஒண்ணு." கொஞ்சம் யோசித்தேன். "தூரத்துல."

தோசை கருகிவிட்டது. அவள் அதையே எடுத்துச் சாப்பிட்டாள்.

டிசம்பர் 13, வெள்ளி

கறிவேப்பிலைக்காரரிடம் மாடத்துச் சம்பவத்தைச் சொன்னேன். எட்டு கமாண்டோக்கள், இரண்டு நாய். அவரிடம் அப்படித்தான் சொல்லவேண்டும். மனிதர் நாள் முழுவதும் வெயிலில் நிற்கிறார்.

டிசம்பர் 16, திங்கள்

காலையில் சுலோவும் ஆராவமுதனும் கூடத்தில் உட்கார்ந்து அடுத்த கேள்விக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். ஒளிபரப்புத் துறைக்கு எழுத்து மூலமாகக் கேட்கிற கேள்வி. மலைக்கு ரேடியோ அனுப்பிக்கொண்டிருந்த சின்ன நிலையத்தை இரண்டு வருடம் முன்னால் மூடிவிட்டார்கள். மழை, காற்று அறிவிப்பெல்லாம் அதில்தான் மலைக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைத் திரும்பத் திறக்கவேண்டும் என்று கேட்கப்போகிறாள்.

நான் காப்பி கொண்டுபோனேன். சுலோ தலை நிமிர்ந்து, "மாமா, மலையில இன்னும் ரேடியோ வெச்சிருக்கற வீடு எத்தனை இருக்கும்?" என்றாள்.

ஆயிரம் என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆயிரத்து இருநூறு என்றால் இன்னும் நன்றாக இருக்கும். ஒரு வீட்டில் யானையே ரேடியோ கேட்க வரும் என்பதுவரைக்கும் தயாராக வந்து நின்றது.

ஆராவமுதனைப் பார்த்தேன். அவர் கையில் பென்சில் இல்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா சொல்றதை அப்படியே எழுதிக்குங் சார்" என்றாள் சுலோ. உதட்டோரத்தில் சிரிப்பு இல்லை. நிஜமாகத்தான் சொன்னாள்.

இப்படி ஒரு நிலைமையில் இதுவரைக்கும் யாரும் என்னை நிறுத்தியதில்லை. நான் சொன்னால் சொன்னதுதான், அப்படியே அரசாங்கத்துக்குப் போய்விடும், பக்கத்தில் சுலோ பேர் இருக்கும்.

"இரு கண்ணு" என்றேன். "மாதம்மாவுக்குப் போன் போட்டு, வீடு வீடாக் கேட்டுட்டு வரச்சொல்றேன். ரெண்டு மூணு நாள் ஆகும்."

"சரிங் மாமா" என்றாள். இந்தச் 'சரிங் மாமா' வேறு மாதிரி இருந்தது.

வராந்தாவில் வெயில் அடித்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மாதம்மாவுக்குப் போன் போட்டேன். மணி அடிக்கிறது. எடுக்கட்டும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.